முதல் ஸ்மார்ட்போன், சின்ன பட்ஜெட்: எதற்குக் காசு கொடுக்கலாம், எதற்குக் கூடாது

விலை குறைந்த போன் எதுவானாலும் கடையில் கையில் எடுத்தவுடன் நன்றாகத்தான் ஓடும். உள்ளே ஆப் அதிகம் இருக்காது, போட்டோ இருக்காது, பின்னணியில் எந்த அப்டேட்டும் நடந்துகொண்டிருக்காது. அதன் உண்மையான குணம் ஏழெட்டு மாதம் கழித்து, ஸ்டோரேஜ் முக்கால்வாசி நிரம்பிய பிறகுதான் வெளியே வரும். அதனால் இந்த விலை அடுக்கில் வரும் போன்கள் இரண்டாம் ஆண்டில் எப்படி இருக்கும் என்ற ஒரே கேள்வியை வைத்துத்தான் இங்கே மதிப்பிட்டிருக்கிறது.

முதல் போன் வாங்குபவருக்கு இந்தக் கேள்வி இன்னும் முக்கியம். ஏற்கெனவே நாலு போன் பார்த்தவர் மந்தமான போனைப் பிடித்தவுடன் போன்தான் மந்தம் என்று சொல்லிவிடுவார். புதியவரோ ‘எனக்குத்தான் இதெல்லாம் வரவில்லை’ என்று தன்மேலேயே பழியைப் போட்டுக்கொள்வார். பெரியவர்கள் பலர் ஸ்மார்ட்போனை ஓரமாக வைத்துவிட்டுப் பழைய பட்டன் போனுக்கே திரும்புவதற்கு அவர்கள் காரணம் இல்லை; வாங்கிக் கொடுத்த போன்தான் காரணம்.

பெட்டியின் மேல் பெரிதாக அச்சடித்திருப்பது கேமராவின் மெகாபிக்சல், கூட்டிக் காட்டிய ரேம் (ஓடும் ஆப்களைத் தற்காலிகமாகத் தாங்கும் நினைவகம்), திரையின் ஹெர்ட்ஸ் (நொடிக்கு எத்தனை முறை படம் புதுப்பிக்கப்படுகிறது). போனின் ஆயுளைத் தீர்மானிப்பவை வேறு: ஸ்டோரேஜ் எந்த வகை, போனின் மூளையான ப்ராசசர் சிப்பில் பெரிய கோர் (வேகமாகக் கணக்கிடும் பகுதி) இருக்கிறதா, அப்டேட் எந்தத் தேதி வரை வரும். இந்த மூன்றும் பெட்டியில் இருக்காது, இருந்தாலும் பொடி எழுத்தில் இருக்கும்.

ஸ்டோரேஜ்: முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்

64 ஜிபியா 128 ஜிபியா என்று எல்லோரும் கேட்கிறார்கள். எந்த வகை என்று கேட்பவர் குறைவு. மலிவு போன்களில் இரண்டு வகை உண்டு. ஒன்று இஎம்எம்சி 5.1. இன்னொன்று யூஎஃப்எஸ், பெரும்பாலும் 2.2. முதல் வகையின் உச்ச வரம்பே நொடிக்கு 400 எம்பிதான். இரண்டாவதில் இரண்டு தடங்கள் சேர்ந்து சுமார் 1,200 எம்பி வரை போகும். வேகத்தைவிடப் பெரிய வித்தியாசம் ஒன்று இருக்கிறது. இஎம்எம்சி ஒரு நேரத்தில் படிக்கும், அல்லது எழுதும். இரண்டையும் சேர்த்துச் செய்யாது. யூஎஃப்எஸ் இரண்டையும் ஒரே சமயத்தில் செய்யும்.

இது கையில் எப்படித் தெரியும்? போன் வைஃபையில் இணைந்து நாலைந்து ஆப்களைத் தானாக அப்டேட் செய்துகொண்டிருக்கிறது. அந்த நேரம் பார்த்து அழைப்பு வருகிறது. மணி அடிக்கிறது, திரை கறுப்பாகவே இருக்கிறது. இரண்டு மூன்று நொடி கழித்துத்தான் பச்சைப் பொத்தான் தோன்றுகிறது. அவசரத்தில் நாலு முறை தட்டியதில், தாமதமாக வந்த திரை அந்தத் தட்டல்களை எல்லாம் மொத்தமாக வாங்கி அழைப்பைத் துண்டித்துவிடுகிறது. ரேம் எவ்வளவு இருந்தாலும் இது நடக்கும், ஏனென்றால் எழுதி முடிக்கும்வரை படிக்கும் வேலை வரிசையில் நிற்கிறது. ஸ்டோரேஜ் நிரம்ப நிரம்ப நிலைமை மோசமாகும். புதிதாக எழுத, ஃபிளாஷ் சிப் முதலில் பழைய துண்டுகளை நகர்த்தி ஒரு முழுத் தொகுதியைக் காலியாக்க வேண்டும். காலி இடம் குறைந்தால் இந்த நகர்த்தல் கூடும். எந்த வகையாக இருந்தாலும் 15 சதவீதம் காலியாக வைத்திருப்பது நல்லது. இஎம்எம்சி என்றால் இதை மீறவே கூடாது.

எந்த வகை என்று கண்டுபிடிக்க, தயாரிப்பாளரின் இணையதளத்தில் அந்த மாடலின் முழு விவரப் பக்கத்தைத் திறந்து ஸ்டோரேஜ் வரியைப் பாருங்கள். யூஎஃப்எஸ் இருந்தால் பெருமையாக எழுதியிருப்பார்கள். வகையே குறிப்பிடாமல் வெறும் 64 ஜிபி, 128 ஜிபி என்று மட்டும் இருந்தால் இஎம்எம்சி என்றே வைத்துக்கொள்ளுங்கள். சில மாடல்களில் சிறிய ஸ்டோரேஜ் பதிப்புக்கு ஒரு வகை, பெரிய பதிப்புக்கு வேறு வகை என்றும் போடுவார்கள். ஆகவே வாங்கப்போகும் அதே பதிப்பின் வரியைப் படிக்க வேண்டும்.

அளவைப் பொறுத்தவரை, 64 ஜிபி என்பது போன் கணக்கிடும் முறையில் சுமார் 59.6 ஆகிவிடும். அதில் ஆண்ட்ராய்டும் தயாரிப்பாளரின் ஆப்களும் 15 முதல் 20 ஜிபி வரை எடுத்துக்கொள்ளும். வாட்ஸ்அப் குழுக்களில் வரும் வீடியோக்கள் மிச்சத்தை ஒரே வருடத்தில் நிரப்பிவிடும். 128 ஜிபிக்குக் கீழே இறங்க வேண்டாம். மெமரி கார்டு போட்டுச் சமாளிக்கலாம் என்று கடையில் சொல்வார்கள். கார்டில் போட்டோ, வீடியோ, பாட்டு வைக்கலாம். ஆப்கள் பெரும்பாலும் உள் ஸ்டோரேஜில்தான் உட்காரும். கூடவே ஒன்று: சிம் தட்டில் இரண்டு சிம்முக்கும் கார்டுக்கும் தனித்தனி இடம் இருக்கிறதா, அல்லது இரண்டாவது சிம்மும் கார்டும் ஒரே இடத்துக்குப் போட்டியிடுகின்றனவா என்று தட்டை வெளியே இழுத்துப் பார்த்துவிடுங்கள்.

ரேம்: நட்சத்திரக் குறியைப் பாருங்கள்

‘8 ஜிபி ரேம்’ என்று பெரிதாக எழுதி, எட்டுக்குப் பக்கத்தில் குட்டியாக ஒரு நட்சத்திரம் போட்டிருந்தால், அது 4 ஜிபி அசல், 4 ஜிபி ஸ்டோரேஜிலிருந்து கடன். 16 ஜிபி என்று விற்கும் பெயர் தெரியாத பிராண்டுகளிலும் அசல் 4 ஜிபியாகவே இருக்கலாம். ஸ்டோரேஜில் ஒரு பகுதியை ரேம்போலப் பயன்படுத்துவதை விர்ச்சுவல் ரேம், ரேம் எக்ஸ்பான்ஷன், ரேம் பிளஸ் என்று பல பெயரில் அழைக்கிறார்கள். அசல் ரேமின் வேகத்துக்குப் பக்கத்தில்கூட ஸ்டோரேஜ் வராது. அதிலும் இஎம்எம்சி போனில் இதை இயக்கினால், ஏற்கெனவே திணறும் அந்த ஒற்றைப் பாதையில் இன்னும் சுமை ஏற்றுகிறோம். வாங்கியவுடன் அமைப்புகளில் போய் இதை அணைத்துவிட்டு, போனை ஒருமுறை மறுதொடக்கம் செய்யுங்கள். பல போன்களில் வித்தியாசம் தெரியும்.

அசல் ரேம் 4 ஜிபி என்பது இன்றைய அடிமட்டம். அதில் கிட்டத்தட்ட பாதியை ஆண்ட்ராய்டே வைத்துக்கொள்ளும். வாட்ஸ்அப்பிலிருந்து பிரவுசருக்குப் போய்த் திரும்பினால் எழுதிக்கொண்டிருந்த படிவம் முதலிலிருந்து ஏற்றப்படும்; வங்கி ஆப்பிலிருந்து வெளியே வந்து ஓடிபி பார்த்துத் திரும்பினால் மறுபடி லாகின் கேட்கும். காரணம், இடம் போதாமல் ஆண்ட்ராய்டு பின்னணி ஆப்பை மூடிவிட்டது. 6 ஜிபி இருந்தால் இந்தத் தொல்லை பெரும்பாலும் போய்விடும். பட்ஜெட்டில் கொஞ்சம் இழுக்க முடியுமானால் கேமராவுக்கு இழுக்காதீர்கள், இதற்கு இழுங்கள்.

2 அல்லது 3 ஜிபி ரேம் கொண்ட போன்களில் ஆண்ட்ராய்டு கோ என்ற மெலிந்த பதிப்பு வரும். பேச, வாட்ஸ்அப் பார்க்க, எப்போதாவது வீடியோ அழைப்பு என்றால் ஓடும். அதற்குமேல் எதிர்பார்ப்பவருக்கு இது வேண்டாம்.

ப்ராசசர்: ‘ஆக்டா கோர்’ என்பதில் ஒன்றும் இல்லை

எட்டு கோர் என்ற சொல்லை வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது. எட்டும் எந்த வகை என்பதுதான் விஷயம். மீடியாடெக் ஹீலியோ ஜி36 என்ற சிப்பில் எட்டுமே கார்டெக்ஸ்-ஏ53 வகைக் கோர். அந்த வடிவமைப்பு 2012-இல் அறிவிக்கப்பட்டது, சிக்கனத்துக்காகச் செய்யப்பட்ட சிறிய கோர். யூனிசாக் எஸ்சி9863ஏ-இல் எட்டும் ஏ55. அதுவும் சிறிய கோர்தான், போதாக்குறைக்குச் சிப் 28 நானோமீட்டர் தயாரிப்பு (இந்த எண் சிறிதாக இருந்தால்தான் மின்சிக்கனம்). ஆப் திறப்பது, கீபோர்டு எழும்புவது, பக்கம் நகர்வது எல்லாம் ஒன்றிரண்டு கோர்களின் தனி வேகத்தை நம்பியவை. சிறிய கோர் எட்டு இருந்தும் அங்கே உதவாது.

குறைந்தபட்சம் இரண்டு பெரிய கோர் வேண்டும். யூனிசாக் டி606, மீடியாடெக் ஹீலியோ ஜி85 இரண்டிலும் பெரிய கோர் ஏ75 இரண்டு, சிறிய ஏ55 ஆறு. எளிய பயன்பாட்டுக்கு இது தேறும். ஆனால் ஜி85 இஎம்எம்சியை மட்டுமே ஏற்கும். அந்தச் சிப் கொண்ட போனில் யூஎஃப்எஸ் தேடிப் பயனில்லை. ஸ்னாப்டிராகன் 680-இல் நான்கு ஏ73 வகைக் கோர்கள், 6 நானோமீட்டர் தயாரிப்பு. வேகம் சுமார், பேட்டரிச் சிக்கனம் அருமை. அதற்கு மேல் படியில் ஹீலியோ ஜி99 இருக்கிறது: இரண்டு ஏ76, ஆறு ஏ55, 6 நானோமீட்டர், யூஎஃப்எஸ் 2.2. பட்ஜெட் 4ஜி போன்களில் கண்ணை மூடிக்கொண்டு பரிந்துரைக்கக்கூடிய சிப் இது. அதே கோர் அமைப்போடு 5ஜி வேண்டுமென்றால் டைமென்சிட்டி 6100+, 6300. இரண்டு ஏ78 கொண்ட ஸ்னாப்டிராகன் 4 ஜென் 2 கிடைத்தால் அது இந்த அடுக்கில் நல்ல வேட்டை.

சிப்பின் பெயரில் எண் ஏறியிருக்கிறது என்பதற்காகப் புதியது என்று நினைக்க வேண்டாம். டைமென்சிட்டி 6020 என்பது பழைய டைமென்சிட்டி 700-க்குப் புதுப் பெயர். 6080 என்பது 810. பெயர் மாற்றியதால் சிப் மோசமாகிவிடவில்லை. புதுச் சிப் என்று சொல்லிக் கூடுதல் காசு கேட்டால் மட்டும் கொடுக்காதீர்கள்.

5ஜி வேண்டுமா? வேகத்துக்காக என்றால் முதல் போனுக்கு அவசியமில்லை. வாட்ஸ்அப்புக்கும் வீடியோவுக்கும் நல்ல 4ஜி தாராளம். இருந்தாலும் இந்த விலையில் 5ஜி போனைப் பார்க்கச் சொல்வதற்கு வேறொரு காரணம் உண்டு. 5ஜி சிப்களில் பெரும்பாலும் ஏ76, ஏ78 போன்ற பெரிய கோர்களும் யூஎஃப்எஸ் ஆதரவும் கூடவே வந்துவிடுகின்றன. சிக்னலே இல்லாத ஊரிலும் அந்தப் போன் வேகமாக இருக்கும். மாறாக, 5ஜி என்ற முத்திரைக்காக ரேமை 4 ஜிபியாகவும் ஸ்டோரேஜை 64 ஜிபியாகவும் குறைத்திருந்தால் அந்த வியாபாரம் வேண்டாம்.

நெட்வொர்க் விஷயத்தில் சரிபார்க்க வேண்டியது அலைவரிசைப் பட்டைகள். உங்கள் சேவை நிறுவனம் எந்தெந்தப் பட்டைகளைப் பயன்படுத்துகிறது என்பதை அறிந்து, போனின் விவரப் பட்டியலில் அவை இருக்கின்றனவா என்று ஒப்பிடுங்கள். குறிப்பாக 700, 800, 900 மெகாஹெர்ட்ஸ் போன்ற தாழ்ந்த பட்டைகள். சுவருக்குள்ளும் தொலைவிலும் சிக்னல் தருபவை அவைதான். வேறு நாட்டுக்காகத் தயாரித்த போனை மலிவாக வாங்குபவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். 2ஜி, 3ஜி நிறுத்தப்பட்ட இடங்களில் வோல்ட்இ (4ஜி வழியாகவே பேசும் வசதி) இயங்காத போனில் இணையம் வரும், பேச முடியாது.

அப்டேட்: ஆண்டுகளை எங்கிருந்து எண்ணுகிறார்கள்?

‘நான்கு ஆண்டு பாதுகாப்பு அப்டேட்’ என்றால் நீங்கள் வாங்கிய நாளிலிருந்து நான்கு அல்ல. பொதுவாக மாடல் அறிமுகமான நாளிலிருந்து எண்ணுவார்கள். இரண்டு ஆண்டு பழைய மாடலைத் தள்ளுபடியில் வாங்கினால் கையில் மிஞ்சுவது இரண்டே ஆண்டு. ஓஎஸ் (ஆண்ட்ராய்டின் புதிய பதிப்பு) அப்டேட் வேறு, பாதுகாப்பு அப்டேட் வேறு. முதல் போனுக்கு இரண்டாவதுதான் முக்கியம், ஏனென்றால் வங்கி ஆப் அதில் இருக்கப்போகிறது.

இந்த அளவுகோலில் 2024-இல் வந்த சாம்சங் கேலக்ஸி ஏ16 5ஜி தனித்து நிற்கிறது. ஆறு ஆண்டு அப்டேட் என்ற உறுதி, 6.7 அங்குல அமோலெட் திரை, தூசிக்கும் தண்ணீர்த் தெறிப்புக்கும் எதிரான ஐபி54 பாதுகாப்பு. குறை, அடிப்படைப் பதிப்பு 4 ஜிபி ரேமோடு விற்கப்படுவது. ஆறு வருட ஓஎஸ்ஸை 4 ஜிபியில் ஓட்டுவது காகிதத்தில் மட்டுமே சாத்தியம். எடுப்பதானால் கூடுதல் ரேம் பதிப்பை எடுங்கள்.

எந்தப் போனாக இருந்தாலும் கடையிலேயே ஒரு சோதனை செய்யலாம். அமைப்புகள், அடுத்து ‘போனைப் பற்றி’, அடுத்து ஆண்ட்ராய்டு பதிப்பு. அங்கே பாதுகாப்பு அப்டேட் தேதி இருக்கும். விற்பனைக்கு வைத்திருக்கும் மாடலில் அந்தத் தேதி ஒரு வருடம் பின்தங்கி, அப்டேட் தேடினாலும் ஒன்றும் வரவில்லை என்றால், அந்தத் தயாரிப்பாளர் அந்த மாடலை மறந்துவிட்டார் என்று பொருள். பெயர் தெரியாத பிராண்டு என்றால் பிளே ஸ்டோர் அமைப்புகளில் ‘அறிமுகம்’ பகுதியில் பிளே புரொடெக்ட் சான்றிதழ் வரியைப் பாருங்கள். சான்றளிக்கப்படவில்லை என்று காட்டினால் அந்தப் போனில் வங்கி ஆப்கள் ஓட மறுக்கலாம். அங்கேயே வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

திரை, பேட்டரி, கேமரா

திரையில் ஹெச்டி+ என்றால் 720 × 1600 புள்ளிகள். 6.7 அங்குலத்தில் அது அங்குலத்துக்கு 262 புள்ளி. ஃபுல் ஹெச்டி+ திரையில் 400-ஐ ஒட்டி வரும். படம் பார்க்க முதலாவது போதும். நாள் முழுக்கத் தமிழில் செய்தி படிப்பவருக்கு, சிறிய எழுத்தில் ‘ண’வின் சுழியும் ‘ன’வின் சுழியும் குழம்பாமல் இருக்க இரண்டாவது உதவும். அதைவிட வெளிச்சம் முக்கியம். சாதாரண நிலையில் 450 நிட்ஸ் (திரை வெளிச்சத்தின் அலகு) என்றால் வெயிலில் கையால் நிழல் பிடித்துத்தான் படிக்க வேண்டும். 600-க்கு மேல் தேடுங்கள். ‘உச்ச வெளிச்சம்’ என்ற எண்ணை விட்டுவிட்டுச் சாதாரண வெளிச்ச எண்ணைப் பாருங்கள். 90, 120 ஹெர்ட்ஸ் எல்லாம் சிப்புக்கு அந்த வேகத்தில் படம் வரையத் தெம்பு இருந்தால்தான். ஏ53 எட்டு வைத்துக்கொண்டு 90 ஹெர்ட்ஸ் என்பது பெட்டிக்கு மட்டும் அழகு.

ஓடிடி பார்ப்பவர்கள், திருட்டுப் பதிவைத் தடுக்கும் வைட்வைன் பூட்டின் உயர்ந்த நிலையான எல்1 இருக்கிறதா என்று டிஆர்எம் இன்ஃபோ என்ற ஆப்பில் பார்த்துக்கொள்ளவும். எல்3 மட்டும் இருந்தால் பல தளங்கள் 480பி-க்கு மேல் தராது. சந்தாவை உயர்த்தினாலும் மாற்றம் இருக்காது.

பேட்டரியில் 5,000 எம்ஏஎச் என்பது இப்போது பொது. சுமார் 19 வாட்-மணி. 10 வாட் சார்ஜரில் முழுதாக ஏற இரண்டே முக்கால், மூன்று மணி நேரம் ஆகும். 18 வாட்டில் சுமார் இரண்டு மணி. இங்கே ஒரு தந்திரம் உண்டு. ‘33 வாட் ஆதரவு’ என்று பெட்டியில் எழுதி, உள்ளே 10 வாட் சார்ஜர் வைத்திருப்பார்கள், அல்லது சார்ஜரே இருக்காது. ஆதரவு என்றால் போன் வாங்கிக்கொள்ளும் என்றுதான் அர்த்தம். சார்ஜரின் விலையையும் சேர்த்துப் போன் விலையைக் கணக்கிடுங்கள். மைக்ரோ யூஎஸ்பி துளை கொண்ட போன் இன்னும் எங்காவது விற்றால் வேண்டாம். ஒரு பக்கமாக மட்டும் சொருகும் அந்தத் துளைதான் முதலில் தளர்ந்து பழுதாகும்.

கேமராவை வேகமாகக் கடந்துவிடலாம். 50 மெகாபிக்சல் என்பது நான்கு புள்ளிகளை ஒன்றாகச் சேர்த்து 12.5 மெகாபிக்சல் படமாகத்தான் வெளியே வரும். பக்கத்தில் இருக்கும் 2 மெகாபிக்சல் மேக்ரோவும் டெப்த் லென்ஸும் எண்ணிக்கைக்கு. சில போன்களில் மூன்றாவது வட்டத்துக்குள் இருப்பது 0.08 மெகாபிக்சல் சென்சார். அது படமே எடுக்காது. ஒரே சோதனை போதும்: மங்கலான இடத்தில் நடந்துபோகும் ஒருவரை எடுங்கள். பொத்தானைத் தொட்ட கணத்துக்கும் படத்தில் பதிந்த கணத்துக்கும் இடையே அவர் எத்தனை அடி நகர்ந்திருக்கிறார் என்று பாருங்கள். குழந்தைகளை எடுக்கப்போகிறவருக்கு மெகாபிக்சலைவிட இதுதான் கணக்கு.

சொல்லாமல் விட்ட உறுப்புகள்

மலிவு போனில் காசு மிச்சப்படுத்துவது, விளம்பரத்தில் யாரும் கேட்காத இடங்களில். முதலாவது அருகாமை உணரி. அழைப்பின்போது போனைக் காதில் வைத்ததும் திரையை அணைக்கும் சிறு உணரி இது. சில மாடல்களில் அதை எடுத்துவிட்டு, போன் சாய்ந்திருக்கும் கோணத்தையும் திரைத் தொடுகையையும் வைத்து மென்பொருளே ஊகிக்கிறது. ஊகம் தவறும்போது திரை அணையாமல், கன்னம் பட்டு மியூட் ஆகிவிடும். மறுமுனையில் இருப்பவர் ‘ஹலோ, ஹலோ’ என்று கத்திக்கொண்டிருப்பார். தனக்கு ஏன் பதில் வரவில்லை என்று புதியவருக்குப் புரியாது. கடையில் ஓர் அழைப்பு போட்டு, பேசியபடி தலையைச் சாய்த்து, நிமிர்ந்து, மீண்டும் சாய்த்துப் பாருங்கள்.

அடுத்தது காந்தமானி, அதாவது திசைகாட்டி உணரி. இது இல்லாவிட்டால் வரைபடத்தில் நீங்கள் நிற்கும் இடம் தெரியும், எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறீர்கள் என்பது தெரியாது. நடந்து போகிறவருக்கு முதல் ஐம்பது அடி தவறான திசையில்தான். போன் திரும்புவதை அளக்கும் ஜைரோஸ்கோப் இல்லாவிட்டால் வீடியோ ஆட்டம் குறைக்கும் வசதி சரியாக வேலை செய்யாது. வைஃபை 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டுமா, 5-உம் உண்டா என்பதும் இந்தப் பட்டியலில் சேரும். நெருக்கமான குடியிருப்பில் 2.4 எப்போதும் நெரிசல். சிபியு-இசட் என்ற இலவச ஆப்பை நிறுவி, சென்சார் பக்கத்தைத் திறந்தால் உணரிகளின் பட்டியல் அப்படியே வந்துவிடும். அதே ஆப்பில் சிப் பெயரும் கோர் வகையும் அசல் ரேமும் தெரியும், பெட்டியை நம்ப வேண்டியதில்லை.

உறுதிக்கும் பழுதுக்கும் ஒரு நல்ல ஆதாரம் இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் விற்பனைக்கு வரும் போன்களுக்கு எரிசக்தி முத்திரை கட்டாயம். ஒரு சார்ஜில் எத்தனை மணி நேரம், கீழே விழுந்தால் தாங்கும் தரம், பழுதுபார்க்க எளிதா என்ற தரம், எத்தனை முறை சார்ஜ் ஏறிய பிறகும் பேட்டரி 80 சதவீதம் கொள்ளும், தண்ணீர் தூசிப் பாதுகாப்பு எல்லாம் அதில் இருக்கும். எப்ரல் என்ற பொதுத் தரவுத்தளத்தில் மாடல் எண்ணைக் கொடுத்து எந்த நாட்டிலிருந்தும் பார்க்கலாம். பதிப்புக்குப் பதிப்பு மாடல் எண் மாறும் என்பதால் கடைசி எழுத்து வரை ஒப்பிடவும்.

பழைய நடுத்தர போனா, புதிய மலிவு போனா?

வேகத்தை மட்டும் பார்த்தால் இரண்டு மூன்று ஆண்டு பழைய நடுத்தர போன் புதிய அடிமட்ட போனை எளிதாக முந்தும். யூஎஃப்எஸ், பெரிய கோர், நல்ல கேமரா எல்லாம் அதில் இருக்கும். ஆனால் அப்டேட் காலம் முடியும் தறுவாயில் இருக்கும், பேட்டரி தேய்ந்திருக்கும். பேட்டரி மாற்றும் செலவையும் சேர்த்துப் பார்த்து, குறைந்தது இரண்டு வருட பாதுகாப்பு அப்டேட் மிச்சம் இருந்தால் மட்டும் எடுக்கலாம். கூகுள் பிக்சல் 8 முதலான மாடல்களுக்கு ஏழு ஆண்டு உறுதி இருப்பதால், பழைய போன் சந்தையில் அவற்றுக்குத் தனி மதிப்பு.

வாங்கும்போது வரிசை தவறாமல் செய்ய வேண்டியவை: *#06# அடித்து வரும் ஐஎம்இஐ எண்ணை (போனின் தனி அடையாள எண்)ப் பெட்டியோடும் பில்லோடும் ஒப்பிடுங்கள். விற்பவர் தன் கூகுள் கணக்கை அமைப்புகளுக்குள் போய் நீக்கட்டும், அதன் பிறகு அங்கிருந்தே ரீசெட் செய்யட்டும். கணக்கை நீக்காமல் பொத்தான்களை அழுத்தி ரீசெட் செய்த போன், மறுபடி திறக்கும்போது பழைய கணக்கின் கடவுச்சொல்லைக் கேட்டு நின்றுவிடும். ரீசெட் ஆனதும் உங்கள் கண் முன்னே முகப்புத் திரை வரும்வரை அமைத்துப் பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள். ஐபோன் என்றால் ‘ஃபைண்ட் மை’ அணைக்கப்பட்டிருக்க வேண்டும். தவணையில் வாங்கிய போன்களில் கடன் நிறுவனத்தின் பூட்டு ஆப் இருக்கும். பாதுகாப்பு அமைப்புகளில் ‘சாதன நிர்வாக ஆப்கள்’ பட்டியலில் அந்நியப் பெயர் ஏதும் இருக்கிறதா என்று பாருங்கள். பின்மூடியின் ஓரம் லேசாகத் தூக்கியிருந்தால் பேட்டரி உப்பியிருக்கிறது. விலை எவ்வளவு குறைத்தாலும் அது வேண்டாம். சாம்சங் போன்களில் *#0*# அடித்தால் சோதனைத் திரை வரும். சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றிலும் பழைய படத்தின் நிழல் பதிந்திருக்கிறதா என்று கவனியுங்கள்.

முதல் நாள்

அமைக்கும்போது வரும் ‘பரிந்துரைக்கப்பட்ட ஆப்கள்’ பட்டியலில் எல்லா டிக்கும் முன்பே போட்டிருக்கும். ஒவ்வொன்றாக எடுத்துவிடுங்கள். விலை குறைந்த போன்களில் பூட்டுத் திரையிலும் அறிவிப்பிலும் விளம்பரம் வருவது, விலையின் ஒரு பகுதியை அப்படி வசூலிக்கிறார்கள் என்பதால்தான். பூட்டுத் திரைக் கதைகள், ஆப் பரிந்துரைகள், தனிப்பயன் விளம்பரங்கள் என்ற மூன்றையும் அமைப்புகளின் தேடல் பெட்டியில் தேடி அணைத்தால் முக்கால்வாசி ஓய்ந்துவிடும். புதியவர் விளம்பரத்தைத் தொட்டு வேண்டாத ஆப்பை இறக்கிவிடுவது இந்த வழியில்தான்.

வாட்ஸ்அப்பில் ஸ்டோரேஜ் அமைப்புக்குள் போய் வீடியோ தானாக இறங்குவதை நிறுத்துங்கள். பிளே ஸ்டோரின் தானியங்கி அப்டேட்டை வைஃபைக்கு மட்டும் மாற்றுங்கள். கூகுள் கணக்கில் மீட்புத் தொலைபேசி எண்ணாக அதே போனில் இருக்கும் எண்ணை மட்டும் வைக்காமல் நம்பகமான இன்னொருவர் எண்ணையும் மீட்பு மின்னஞ்சலையும் சேர்த்து வையுங்கள். போன் தொலைந்தால் எண்ணும் சேர்ந்தே தொலையும். கடவுச்சொல்லைக் காகிதத்தில் எழுதி வீட்டில் வைப்பதில் தவறில்லை, போன் உறைக்குள் செருகி வைப்பதுதான் தவறு.

திருப்பிக் கொடுக்கும் காலம் முடிவதற்குள் இரண்டு சோதனைகளை முடித்துவிடுங்கள். இரவு படுக்கும்போது போனை விமான நிலையில் வைத்துச் சதவீதத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். காலையில் இரண்டு மூன்றுக்கு மேல் குறைந்திருந்தால் பேட்டரியையோ ஏதாவது ஓர் ஆப்பையோ சந்தேகிக்க வேண்டும். முதல் நாள் அப்டேட் எல்லாம் முடிந்த பிறகு இதைச் செய்யவும், இல்லாவிட்டால் கணக்கு தப்பும். இரண்டாவதாக, இருபது நிமிடம் வீடியோ அழைப்பு பேசிவிட்டு உடனே கேமராவைத் திறந்து பாருங்கள். சூட்டில் கேமரா திறக்க மறுத்தாலோ திரை தானாக மங்கினாலோ வெயில் நாட்களில் அது தினமும் நடக்கும். பில், பெட்டி, உள்ளே வந்த கேபிள் உட்பட எல்லாவற்றையும் அதுவரை எறியாமல் வைத்திருங்கள். திரையின் மேல் ஒட்டி வந்த பிளாஸ்டிக் தாளைக்கூட.